தோற்றவர் பாட வேண்டும்

ஜூன் 1, சனி

காலை 5.40க்கு மோட்டார் போட்டேன், 6.25க்குத் தொட்டி நிரம்பியது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. புதுச்சேரிப் பொதுப்பணித் துறையில், குடிநீர்ப் பிரிவில், முப்பத்து நான்கு வருடம் பதிவேடு எழுதிய கை இது. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் தேதி போட்டு நாலு வரி எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

மதலேன் சங்கரா மீன் வாங்கி வந்தாள். ஆய்ந்து கொடுத்தேன். "செதிலு அப்படியே இருக்கு, இதுக்குப் பேரு ஆயறதா?" என்றாள். கல்யாணமாகி முப்பத்தோரு வருடமாக இதே விமர்சனம்.

மாலை கலியபெருமாள் வந்தார். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், பக்கத்துத் தெரு.

"சார், ரெண்டு தெரு தள்ளி நாலு மூலைன்னு ஒரு பப்பு இருக்குது. கேரம் போர்டு போட்டு வச்சிருக்காங்க. வாங்க, ஒரு கை பாப்போம்."

"பப்பா? இந்த வயசுல எனக்கு எதுக்குய்யா பப்பு?"

"சனிக்கிழமையானா பாட்டும் உண்டு சார்."

"பாட்டு கிடக்கட்டும். பலகை எப்படி? காத்துக்கு வீங்காத பலகையா?"

நல்ல பலகை என்றார். பலகைக்காக மட்டுமே போனேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

குறை சொல்ல முடியாத இடம். ஹேமாவதி என்ற பெண் நடத்துகிறாள். அவள் அப்பா காலத்தில் இருட்டு பாராக இருந்ததாம். சுவரை இடித்து ஜன்னல் வைத்து, சுண்ணாம்பு அடித்து, நாலு மூலைக்கும் நாலு கேரம் பலகை போட்டிருக்கிறாள். அலமாரியில் சதுரங்கம், தாயக்கட்டை, பரமபதம். ஒரு மேசையில் குடும்பத்தோடு வந்து தாயம் உருட்டுகிறார்கள். பாட்டி பீர் குடிக்கிறாள், பேரன் மாம்பழச் சாறு குடிக்கிறான். நான் உப்புப் போட்ட லைம் சோடா. சுவரில் கரும்பலகையில் எழுதியிருந்தது: "சனிக்கிழமைப் பந்தயம். ஜெயித்தவர் பாட்டைச் சொல்ல வேண்டும். தோற்றவர் மேடையேறி அதைப் பாட வேண்டும்."

இன்று பந்தயத்தில் சேரவில்லை, பழகத்தான் ஆடினோம். மேடையில் யார் பாடினார்கள் என்று நான் பார்க்கவில்லை. நடுவில் தூண் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மதலேன் கதவைத் திறந்தபடியே, "எப்படிப் பாடினா?" என்றாள்.

"ரெட் காயப் போட்டேன். ஃபாலோவும் போட்டேன்," என்றேன்.

ஜூன் 2, ஞாயிறு

இந்த வீட்டில் மூன்று பேர். நான், மதலேன், எங்கள் மகள் ஜெனிதா. ஜெனிதாவும் நானும் பேசிக்கொள்வதில்லை. போன அக்டோபரிலிருந்து. காரணத்தை எழுத வேண்டியதில்லை.

அவள் பாட்டுக்காரி. வங்கி வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் அதுதான். எந்த ஊரில் எந்த மேடையில் பாடுகிறாள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. சனிக்கிழமை நாலு மூலையில் என்று மட்டும் தெரியும்.

பேசவில்லை என்பதற்காக வீட்டில் எதுவும் நிற்கவில்லை. இன்று மதியச் சாப்பாட்டில்:

"அம்மா, ரசம் வேணுமான்னு கேளு."

"ரசம் வேணுமாங்க?"

"கொஞ்சமாப் போடச் சொல்லு."

"கொஞ்சமாப் போடும்மா." இவ்வளவுக்கும் எங்கள் மேசை நாலு பேர் உட்காரும் மேசைதான். ரசம் ஜெனிதாவின் கையில் இருந்தது.

ஜூன் 8, சனி

பந்தயத்தில் சேர்ந்தேன். மேடைக்கு மிக அருகில் இருக்கும் ஒன்றாம் எண் பலகையைக் கேட்டு வாங்கினேன். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது.

கலியபெருமாளை வீழ்த்தினேன். அவருக்கு இன்னும் ஐந்து காய் பாக்கி. பஸ் ஓட்டிய பழக்கத்தில் எல்லாக் காயையும் இடது பக்கம் ஒதுக்கிக்கொண்டே போகிறார்.

ஜெயித்தவர் பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதித் தர வேண்டும். ஜெனிதா ஏழாவது படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவில் பாடிய ஒரு பழைய படகுப் பாட்டை எழுதினேன். வேறு எதுவும் சட்டென்று ஞாபகம் வரவில்லை. என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும், துறையில் எல்லாரும் சொல்வார்கள். சீட்டைக் கையில் வாங்கிய பாடகி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மைக்கில், "ஒன்றாம் எண் பலகை ஐயா கேட்ட பாட்டு," என்றாள்.

ஐயாவாம்! இருக்கட்டும்.

கலியபெருமாள் மேடையேறி அவள் பக்கத்தில் நின்று பாடினார். பாடினார் என்று மரியாதைக்கு எழுதுகிறேன். கூட்டம் மேசையைத் தட்டிச் சிரித்தது. அவள் அவர் தோளைத் தட்டி, "இன்னொரு தடவ மாமா, இப்ப என்கூட," என்று இழுத்துக்கொண்டே போய்க் கரை சேர்த்தாள். ஊரான் எல்லாம் அவளுக்கு மாமா.

நன்றாகத்தான் பாடினாள். பாடினார்கள் என்று எழுத நினைத்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

எரிவாயு சிலிண்டர் வந்தது. சமையலறையில் ஜெனிதா தன் அம்மாவிடம் சொன்னது: "ஒன்னாம் நம்பர் போர்டுல ஆடறவரு ஃபாலோ போடறப்ப முழங்கைய தூக்கறாருன்னு சொல்லு." நான் கூடத்தில் இருந்தேன். முழங்கையைத் தூக்கவில்லை.

ஜூன் 10, திங்கள்

வீட்டுப் பலகையை எடுத்துத் துடைத்து ஆடிப் பார்த்தேன். தூக்கத்தான் செய்கிறேன்.

ஜூன் 15, சனி

இன்றும் வெற்றி. முழங்கை சரியாக இருந்தது. ஆனால் ஒரு கோளாறு. பலகையில் பவுடரைக் கொட்டித்தானே ஆட வேண்டும்? மின்விசிறிக் காற்றில் அது மேடைக்குப் போய், பாடகிக்குப் பல்லவி நடுவில் நாலு தும்மல். சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தூசி ஆகாது.

இடைவேளையில் ஹேமாவதியிடம், "இந்தப் பலகைய கடைசி ஜன்னல்கிட்ட போட்டுடும்மா," என்றேன்.

"அங்கிள், நீங்கதானே வெளிச்சம் வேணும்னு இத அடம்புடிச்சு வாங்கினீங்க?"

"இங்க வெளிச்சம் கண்ணு கூசுது."

அவள் என்னையும் பார்த்தாள், மேடையையும் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆளைக் கூப்பிட்டுப் பலகையை மாற்றினாள். ஜன்னல் பக்கம் கொசு பிடுங்குகிறது. பாட்டும் பாதிதான் கேட்கிறது. பரவாயில்லை, தும்மல் இல்லை.

ஜூன் 19, புதன்

இரவுச் சாப்பாட்டில் ஜெனிதா சொன்னாள். "அம்மா, கப்பல்ல பாடற வேல கிடைச்சிருக்கு. சுற்றுலாக் கப்பல். ஒம்பது மாசம். ஜூலை ஏழாம் தேதி சாயந்தரம் கிளம்பணும். அப்பாகிட்ட சொல்லிடு."

மதலேன் என் பக்கம் திரும்பவே இல்லை. தட்டைப் பார்த்தபடி, "அப்பாகிட்ட சொல்லியாச்சு," என்றாள்.

"எந்தக் கப்பல், யாரு நடத்தறது, பத்திரமான்னு கேளு," என்றேன். கம்பெனியின் கடிதத்தை ஜெனிதா மேசையில் வைத்தாள். மூன்று முறை படித்தேன். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மோட்டாரை அணைக்க மறந்துவிட்டேன். தொட்டி வழிந்து மாடிப்படியெல்லாம் தண்ணீர்.

ஜூன் 22, சனி

கொட்டும் மழை. கோடைமழைக்கு நாலு மூலையில் ஒரு தனிக் களை. நனைந்துகொண்டு வந்தவர்களுக்கு ஹேமாவதி துண்டும் மிளகு ரசமும் கொடுத்தாள். மின்சாரம் போய்விட்டது. மைக் இல்லாமல், வெறும் கிட்டாரோடு ஜெனிதா பாடினாள். கடைசி ஜன்னல் வரை கணீரென்று கேட்டது. கலியபெருமாள் ஸ்ட்ரைக்கரைக் கையில் வைத்துக்கொண்டு ஆடவே மறந்துவிட்டார். "சார், பாப்பாவுக்கு மைக்கு தண்டம் சார்," என்றார்.

"அவங்க அம்மா வழியில வந்த தொண்டை," என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

"இன்னா சார், எனக்குத் தெரியாதா? இங்க அத்தினி பேருக்கும் தெரியும். மொதநாளே ஹேமா சொல்லிட்டா. நீங்க தூணுக்குப் பின்னால இருந்து எட்டி எட்டிப் பாத்ததையும் சொன்னா."

மழை சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை என்று வைத்துக்கொண்டேன். முதன்முறையாக ஒரு பீர் குடித்தேன். பாதிதான்.

ஜூன் 24, திங்கள்

தூக்கம் பிடிக்காமல் எழுந்து விடியும் முன் எழுதுகிறேன். பதிவேடு என்றால் உண்மை இருக்க வேண்டும்.

போன அக்டோபரில் ஜெனிதாவுக்கு மாப்பிள்ளை பார்த்து, மாதா கோயிலில் தேதியும் குறித்துவிட்டோம். நல்ல இடம் என்று நான்தான் பிடித்த பிடியில் நின்றேன். நிச்சயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா, இனி மேடையேறிப் பாடக் கூடாது என்று சொல்லியனுப்பினாள். ஜெனிதா கல்யாணமே வேண்டாம் என்றுவிட்டாள். ஊரைக் கூட்டி அழைப்புக் கொடுத்த கோபத்தில் நான் கத்தினேன்: "பாட்டுதான் பெருசுன்னா, எனக்கு மகளே இல்லன்னு நினச்சிக்கறேன்."

"சரிங்கப்பா," என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. அழக்கூட இல்லை. அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. எப்படிப் பேசுவாள்? மகளே இல்லை என்று சொன்னவன் நான். அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க வேண்டியதும் நான்தான். எத்தனையோ நாள் அவள் அறை வாசல் வரை போயிருக்கிறேன். நாக்கு ஒட்டிக்கொள்கிறது. "மோட்டார் ஓடுதா பாக்க வந்தேன்" என்று சுவரிடம் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

ஜூன் 29, சனி

படுக்க மனமில்லை. சந்தோஷத்தில்தான்.

இன்றும் ஜெயித்தேன். சீட்டில் பாட்டின் பெயர் எழுதவில்லை. "பாடகிக்குப் பிடித்த பாட்டு" என்று மட்டும் எழுதினேன். அவள் படித்துவிட்டுக் கிட்டார்க்காரரிடம் ஏதோ முணுமுணுத்தாள். "இது நானே எழுதினது. இன்னும் எங்கயும் பாடல," என்றாள் மைக்கில்.

பாட்டு இப்படி ஆரம்பித்தது:

"ஆறே இருபத்தஞ்சுக்குத் தொட்டி ரொம்புது,
அதுக்கப்புறம்தான் எங்க வீட்டுல விடியுது."

அடிப்பாவி! மோட்டார் போடுகிற அப்பா, மீட்டரைக் குனிந்து படிக்கிற அப்பா, மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் நோட்டில் குறித்து வைக்கிற அப்பா. சரணம் சரணமாக என்னைப் பிரித்துப் போட்டாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தேன். கலியபெருமாளுக்கு வார்த்தை தெரியாததால் பக்கத்தில் நின்று "டுர்ர்ர்" என்று மோட்டார் சத்தம் போட்டார். இதுவரை அவர் பாடியதில் அதுதான் சுருதி சேர்ந்தது.

வீட்டுக்கு வந்து மதலேனிடம் முழுப் பாட்டையும் சொன்னேன். "எனக்கு மார்ச் மாசமே பாடிக் காட்டிட்டா," என்றாள் அமைதியாக. மூன்று மாதமாக ஒரு வார்த்தை சொன்னாளா பாருங்கள்!

ஜூலை 3, புதன்

மதலேன் பருப்புப் பொடி அரைத்தாள், கப்பலுக்கு. நான் வறுத்துக் கொடுத்தேன். நடுவில் சட்டென்று கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒம்பது மாசமா இந்த வீட்டுல தபால்காரி வேல பாத்துட்டேன். அவ கிளம்பறதுக்குள்ள நீங்க வாயத் தொறக்கலன்னா, நானும் அவகூட கப்பல் ஏறிடுவேன்."

"அங்க உனக்கு என்ன வேல?"

"மீனு ஆயறேன். உங்களவிட நல்லாவே ஆய்வேன்."

பருப்பு கொஞ்சம் கருகிவிட்டது.

ஜூலை 6, சனி

வழக்கமான பந்தயம் இன்று இல்லை. ஜெனிதாவை வழியனுப்ப நாளை மூன்று மணிக்குத் தனியாக வைத்திருக்கிறாள் ஹேமாவதி. ஐந்து மணிக்குச் சென்னை விமான நிலையத்துக்குக் கார் வருகிறது.

ஜெனிதாவின் பெட்டிச் சக்கரம் கிறீச்சிட்டது. எண்ணெய் போட்டேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் போட ஒரு நிமிடம் போதும், இருபது நிமிடம் போட்டேன். வாய் திறக்கவில்லை. நான் என்ன மனுஷன்!

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நாளை தோற்கப் போகிறேன். தோற்றவர் பாட வேண்டும் என்பது விதி, விதியென்றால் நான் மீறமாட்டேன். மேடையேறினால் அவள் பக்கத்தில் நின்றாக வேண்டும், எந்தச் சுருதி என்று அவளிடம் கேட்டாக வேண்டும். எனக்குச் சுத்தமாகப் பாட வராது. ஒன்பது வயதில் கோயில் பாடகர் குழுவிலிருந்து ஃபாதரே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தார். ஊர் சிரிக்கட்டும். மகள் போவதற்குள் ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும்.

ஜூலை 7, ஞாயிறு

வீடு வெறிச்சென்று இருக்கிறது. மதலேன் அசதியில் படுத்துவிட்டாள். ஒன்றுவிடாமல் எழுதிவிடுகிறேன்.

மூன்று மணிக்கு நாலு மூலையில் உட்கார இடமில்லை. மதலேன் பட்டுப்புடவையில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பலகையை மறுபடி மேடைப் பக்கம் போட்டிருந்தார்கள். ஜெனிதா கேட்டாளாம், பவுடர் பறக்காமல் ஈரத் துணியும் மாட்டி, மின்விசிறியையும் நிறுத்தியிருந்தார்கள்.

எனக்கு வெள்ளை, கலியபெருமாளுக்குக் கருப்பு. சந்தேகம் வராதபடி நன்றாகவே ஆடி, ரெட் காயையும் அவருக்கே விட்டுக்கொடுத்து, கடைசிக் காய்க்கு வந்தேன். அவருக்கும் ஒரே காய். இரண்டும் ஆளுக்கொரு மூலைப் பையின் வாயிலேயே நிற்கின்றன. ஊதினால் விழும்.

என் முறை. தவறவிட்டேன்.

அவர் முறை. அவரும் தவறவிட்டார்! சரி, கை வழுக்கியிருக்கும் என்று நினைத்தேன். மறுபடி நான் பலகையின் சட்டத்தில் அடித்தேன். அவர் எதிர்ச் சட்டத்தில் அடித்தார். நான் ஸ்ட்ரைக்கரையே பையில் போட்டு மைனஸ் வாங்கினேன். ஒரு வெள்ளை திரும்ப மேலே வந்தது. அவர் முகம் வாடிவிட்டது. ஒரு நிமிடம் யோசித்து, அவரும் ஸ்ட்ரைக்கரைப் பையில் போட்டார்.

"யோவ், ஒழுங்கா ஆடுய்யா," என்று பல்லைக் கடித்தேன்.

"நீங்க ஒழுங்கா ஆடுங்க சார். தொட்டா விழுற காய மூணு வாட்டி விட்டீங்க!"

"அது என் இஷ்டம். நீ உன் காயப் போடு."

"நான் போட மாட்டேன் சார். பாப்பா ஊருக்குப் போவுது, கடைசியா நீங்க கேட்ட பாட்டுதான் பாடணும்னு நான் விட்டுக்குடுத்து ஆடறேன். நீங்க இன்னாடான்னா..."

எனக்கு வந்த கோபத்தில் ஒன்றும் புரியவில்லை. நாலு வாரம் உயிரைக் கொடுத்து ஆடித் தோற்ற மனுஷன், நான் தோற்க வேண்டிய அன்று பார்த்து தர்மம் செய்கிறார்! இப்படியே நாலு மணி ஆகிவிட்டது. கூட்டம் முழுக்கப் பலகையைச் சுற்றி நின்று, காய் விழாத ஒவ்வொரு அடிக்கும் கைதட்டியது. மேடையில் வாத்தியமெல்லாம் சும்மா கிடந்தது.

அப்போதுதான் மைக்கில் கேட்டது.

"அப்பா! ரெண்டு பேரும் தோக்கறதுக்கா ஆடறீங்க? அஞ்சு மணிக்குக் கார் வந்துடும்பா!"

அப்பா என்றாள். இரண்டு முறை. மதலேன் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

நான் எழுந்து நின்றேன். ஒட்டிக்கொள்கிற நாக்கு இன்று ஒட்டவில்லை.

"நான்தான்மா தோக்கணும். தோத்தாதான் உன் பக்கத்துல நிக்க விடுவாங்க. இந்த ஆளு விடமாட்டேங்கறான்," என்றேன். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு ஜெனி. நீதான் என் மக. பாடறதும் என் மகதான்."

அவள் மைக்கை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்தாள். கூட்டம் வழி விட்டது. கலியபெருமாளின் கையிலிருந்து ஸ்ட்ரைக்கரை வாங்கினாள். கோட்டில் வைத்தாள். ஆறு வயதில் என் மடியில் உட்கார்த்தி நான் சொல்லிக்கொடுத்த அதே விரல் பிடி. முழங்கை அசையவில்லை. ஒரே சுண்டு. ஒரு கருப்பு உள்ளே போனது. மைனஸில் திரும்பி வந்த இன்னொன்று மிச்சம் இருந்தது. அதையும் ஒரே சுண்டில் போட்டாள்.

"தோத்துட்டீங்கப்பா," என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "வாங்க."

மேடையேறினேன். ஜெயித்தவர் என்ற முறையில் கலியபெருமாள் அழுதுகொண்டே மோட்டார்ப் பாட்டைக் கேட்டார். "எந்தச் சுருதிம்மா?" என்றேன். "உங்களுக்கு எதுவா இருந்தா என்னப்பா," என்றாள். உண்மைதான். தொண்டை கிழியப் பாடினேன், ஒரு வரிகூடச் சேரவில்லை. அவள் ஒரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு பாடினாள். கார் ஐந்து பதினைந்துக்குத்தான் கிளம்பியது. அதுவரை கார் கண்ணாடியை இறக்கி, அவளும் நானும் பேசிக்கொண்டே இருந்தோம். என்ன பேசினோம் என்று ஒன்றுகூட ஞாபகமில்லை.

ஜூலை 10, புதன்

காலையில் மோட்டார் போட்டேன், நேரம் குறிக்கவில்லை.

மதியம் மதலேனின் போன் அடித்தது. கப்பல் ஏறிவிட்டாளாம். அறை சின்னதாம், ஜன்னல் வட்டமாம், பருப்புப் பொடியில் கருகிய வாசனையாம். மதலேன் சாப்பாடு, தூக்கம், ஸ்வெட்டர் என்று அடுக்கிக்கொண்டே போனாள். நான் பக்கத்து நாற்காலியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பழக்கத்தில், "கடல் எப்படி இருக்குன்னு கேளு," என்றேன்.

போனில் ஜெனிதாவின் குரல் எனக்கே கேட்டது.

"அம்மா, அப்பாகிட்ட குடு."

மதலேன் போனை என்னிடம் நீட்டினாள். நாற்பது நிமிடம் பேசினோம். முதல் பத்து நிமிடம் கடல். மீதி முழுக்க அவள் என் முழங்கையைப் பற்றியே பேசினாள்.